ஹெடருக்கு ஹீட் ராப்: வாசகர் கேள்வி-பதில்

எஞ்சினின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் ஹெடர் மீது வெப்பம் தாங்கும் நாடா (ஹீட் ராப்) சுற்றுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் தேர்ந்தெடுத்தவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பழைய மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு 4-1 ஹெடர் (நான்கு குழாய்கள் ஒரே குழாயில் சேரும் வகை) மாட்டியிருக்கிறேன். ஹீட் ராப் சுற்றினால் பவர் கூடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பவருக்காக மட்டும் என்றால் சுற்ற வேண்டாம். குழாய்க்குள் போகும் புகை சூடு ஆறாமல் இருந்தால் அதன் வேகம் குறையாது, அடுத்த சிலிண்டரின் புகையை அது நன்றாக இழுத்துச் செல்லும் என்பது கோட்பாடு. அது சரிதான். ஆனால் அதனால் கிடைக்கும் லாபம் சாலையில் ஓட்டும் காரில் உணரக்கூடிய அளவுக்கு இருக்காது.

லாபம் வரக்கூடிய இன்னொரு வழி உள்ளே இழுக்கும் காற்று. 27 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். உங்கள் ஏர் ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுத்துக்கொண்டிருந்தால் ஹெடரின் சூட்டைக் கட்டுப்படுத்துவது கைகொடுக்கும். ஃபில்டர் பெட்டி ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை இழுக்கும்படி இருந்தால், கைகொடுக்க அங்கே எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. காரின் கணினித் தகவலைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி, நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது இன்டேக் வெப்பநிலையைப் பாருங்கள். வெளி வெப்பநிலையைவிட ஏழெட்டு டிகிரிக்குள் இருந்தால், நாடா சுற்றி அதைப் பெரிதாகக் குறைக்க முடியாது.

ஹீட் ராப்பின் உண்மையான வேலை வேறு. பிளக் கேபிளின் ரப்பர் தொப்பி, ஸ்டார்ட்டர் மோட்டார், வயரிங், பிரேக் ஆயில் குழாய், ஏசி ஹோஸ் ஆகியவை ஹெடருக்குப் பக்கத்தில் வேகாமல் காப்பதுதான் அது. அப்படிக் காக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் குழாயை அப்படியே விட்டுவிடலாம். ஏனென்றால் வெளியே போகாத சூட்டை அந்தக் குழாய்தான் தாங்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஃபைபர் கிளாஸ், பசால்ட், டைட்டானியம், சிலிகா என்று பல வகை விற்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: டைட்டானியம் என்ற பெயரில் விற்கும் நாடாக்களில் பெரும்பாலானவை எரிமலைப் பாறையான பசால்ட்டை உருக்கி இழுத்த இழைதான். ஆகவே உங்கள் பட்டியல் மூன்றாகச் சுருங்குகிறது.

சாதாரண ஃபைபர் கிளாஸ் நாடா தொடர்ந்து 540 முதல் 650 டிகிரி வரை தாங்கும். வெர்மிகுலைட் (சூடு தாங்கும் ஒரு கனிமம்) பூசிய வகை உரசலைக் கூடுதலாகத் தாங்கும், சூட்டையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். பசால்ட் அதற்கு மேலே நிற்கும். சிலிகா 1000 டிகிரியை ஒட்டித் தாங்கும், விலையும் அதிகம். பெட்டியில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள்: ஒன்று தொடர்ச்சியாகத் தாங்கும் அளவு, மற்றது சில நொடிகளுக்குத் தாங்கும் உச்ச அளவு. பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உச்ச அளவுதான். நீங்கள் பார்க்க வேண்டியது தொடர்ச்சியான அளவை.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் முழு இழுவையில் ஓடும்போது சிலிண்டர் தலையை ஒட்டிய புகை 800 முதல் 900 டிகிரி வரை போகும். திறந்த குழாயின் உலோகம் அந்த அளவுக்குச் சூடாகாது, ஏனென்றால் வெளிக்காற்று அதைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கிறது. நாடா சுற்றியதும் அந்தக் குளிர்ச்சி நின்று, உலோகத்தின் சூடு புகையின் சூட்டை நோக்கி ஏறும். நாடாவின் உள்முகம் ஒட்டியிருப்பது அந்த உலோகத்தோடு. அதனால் அமைதியாக ஓட்டும் பெட்ரோல் காருக்கு நல்ல ஃபைபர் கிளாஸ் போதும். அடிக்கடி முழு வேகத்தில் ஓட்டுபவர்கள் பசால்ட் வாங்கலாம். டர்போ பெட்ரோல் காரில் டர்போவுக்கு முந்தைய குழாய்க்கு பசால்ட்டுக்குக் குறைந்து எதையும் சுற்ற வேண்டாம். டீசலில் டர்போவுக்குப் பிந்தைய குழாய்க்கு ஃபைபர் கிளாஸே தாராளம்.

பெயரோ வெப்ப அளவோ அச்சிடாத, சாக்கில் கிடக்கும் பழைய நாடாவைத் தொடாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

கேள்வி: என் ஹெடர் மைல்ட் ஸ்டீல் (கார்பன் குறைந்த சாதாரண எஃகு). ராப் சுற்றினால் துருப்பிடித்து ஓட்டை விழும் என்று ஒரு மெக்கானிக் பயமுறுத்துகிறார்.

பதில்: அவர் சொல்வது சரி. இரண்டு விதமாகக் கேடு வருகிறது. முதலாவது, உலோகம் அதிகச் சூட்டில் நீண்ட நேரம் இருப்பதால் மேற்பரப்பு ஆக்ஸைடாகி, செதில் செதிலாக உரிந்து, குழாய்ச் சுவர் மெலிகிறது. இரண்டாவது, நாடா ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. நீண்ட தூரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகிவிடும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் காரில் நாடா முழுதாகக் காய்வதே இல்லை. ஈரத்துணி சுற்றி வைத்த இரும்பு போலக் குழாய் உள்ளுக்குள் அரிக்கும். கடற்காற்றும் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். இந்த நிலைகளில் ஓடும் மைல்ட் ஸ்டீல் ஹெடருக்கு ராப் கூடாது என்பதே எங்கள் பதில்.

குழாயின் தடிமனையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1.2 மில்லிமீட்டர் சுவர் உள்ள விலை மலிவான ஹெடர் சீக்கிரம் போய்விடும்; 1.6 மில்லிமீட்டர் சுவர் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

ஸ்டெயின்லெஸ் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. 304 வகை 425 முதல் 850 டிகிரிக்குள் நீண்ட நேரம் இருந்தால், அதிலுள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்து உலோகத்தின் நுண்மணிகள் (படிகங்கள்) ஒன்றோடொன்று சேரும் எல்லைகளில் படிந்துவிடும். பற்றவைப்பை ஒட்டிய இடங்களில் அரிப்பும் வெடிப்பும் தொடங்குவதற்கு இது முக்கியக் காரணம். 321 வகையில் இதைத் தடுக்கவே டைட்டானியம் சேர்க்கிறார்கள்; ராப் சுற்றப்போகும் டர்போ ஹெடருக்கு அதுவே பொருத்தம். 409 வகை பல கார்களில் கம்பெனியிலேயே வருவது; மிதமான சூட்டுக்கு நல்லது, ஆனால் 700 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்க ஏற்றதல்ல. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்கு நாடா வேண்டாம். அதன் கனத்துக்கும் வடிவத்துக்கும் ஒரு பக்கம் ஆறி மறு பக்கம் ஆறாமல் இருந்தால் வெடிக்கும். துத்தநாகம் பூசிய குழாயென்றால் பேச்சே இல்லை: துத்தநாகம் 419 டிகிரியில் உருகிவிடும், அதன் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

இன்னொன்று, நாடா சுற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று பல ஹெடர் தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். வாங்கும் முன் அந்தத் தாளைப் படியுங்கள்.

கேள்வி: எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்? 25 மில்லிமீட்டர் அகலமா, 50 மில்லிமீட்டரா?

பதில்: நேரான, பெரிய வளைவுகள் உள்ள குழாய்க்கு 50. குறுகிய வளைவுகள் அடுத்தடுத்து வரும் ஹெடருக்கு 25. அகல நாடா இறுகிய வளைவின் உட்புறத்தில் மடிந்து பொங்கி நிற்கும்.

கணக்கு எளிது. 42 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 600 மில்லிமீட்டர் நீளம் உள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். நாடாவின் தடிமனையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் போகும். 50 மில்லிமீட்டர் நாடாவை 6 மில்லிமீட்டர் மேலேற்றிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் 44 மில்லிமீட்டர் முன்னேறும். 600-க்கு 14 சுற்று, தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு முழுச் சுற்று. மொத்தம் 2.2 மீட்டர். நான்கு குழாய்க்கு 9 மீட்டர், கலெக்டருக்கு (குழாய்கள் ஒன்றுசேரும் பகுதிக்கு) ஒன்றரை மீட்டர், வளைவுகளில் வீணாவதற்கு ஒரு மீட்டர். 15 மீட்டர் ரோல் ஒன்று போதும். 25 மில்லிமீட்டர் நாடா என்றால் ஒரு சுற்றுக்கு 19 மில்லிமீட்டர்தான் முன்னேறும். நீளம் இரட்டிப்புக்கும் மேல் போகும், இரண்டு ரோல் வாங்குங்கள். 4-2-1 ஹெடரில் (நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் வகை) இடைக் குழாய்கள் இரண்டையும் தனியாக அளந்து சேர்க்க வேண்டும்.

கட்டுவதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லாக் டை 20 வாங்குங்கள். முனைகளுக்கு எட்டு, வளைவுகளுக்கு நான்கு, கலெக்டருக்கு மூன்று, மீதி கைவசம். குழாய்க்கு 200 மில்லிமீட்டர் நீளம் சரி, கலெக்டருக்கு 350. சாதாரணக் கட்டுக்கம்பி சில மாதங்களில் துருப்பிடித்து அறுந்துவிடும்.

கேள்வி: சுற்றும் முறையை வரிசையாகச் சொல்லுங்கள். ஹெடரைக் கழற்றாமலே சுற்ற முடியுமா?

பதில்: கழற்றுங்கள். வண்டியில் வைத்தபடி சுற்றினால் பின்பக்கம் இழுவை கிடைக்காமல் தளர்ந்துவிடும். கழற்றும்போது கேஸ்கெட் புதிதாக வேண்டும் என்பதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றியதும் கசிவு பாருங்கள். ஃபிளாஞ்சின் (எஞ்சினோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டின்) துளைகளை அடைத்து, வாக்வம் கிளீனரின் ஊதும் பக்கத்தை மறுமுனையில் வைத்து, பற்றவைப்புகள் மீது சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கசிவு இருந்தால் பற்றவைத்து அடைத்த பிறகுதான் நாடா. கசியும் இடத்தில் சுற்றிய நாடா கருகிப் பொடியாகும், கசிவு எங்கே என்பதையும் மறைத்துவிடும். புதிய ஹெடர் என்றால் நாடா இல்லாமல் சில நாட்கள் ஓட்டி, நன்றாகச் சூடேறி ஆறவிட்டு, பற்றவைப்பு நிற்கிறதா என்று பார்த்த பிறகு சுற்றுவது நல்லது.

கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். மைல்ட் ஸ்டீலுக்கு 650 டிகிரி தாங்கும் சிலிக்கோன் வகை பெயின்ட்டை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடித்து, டப்பாவில் சொன்னபடி சூடேற்றிப் பதப்படுத்துங்கள். பிறகு ஹெடரை ஒருமுறை வண்டியில் பொருத்திப் பார்த்து, பக்கத்துப் பாகத்துக்கும் குழாய்க்கும் இடைவெளி 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக உள்ள இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் நாடா 3 மில்லிமீட்டர் வரை கனக்கும். ஸ்டீயரிங் தண்டு, டிப்ஸ்டிக் குழாய், பிளக் ஸ்பேனர் நுழையும் வழி ஆகியவற்றை மறக்காதீர்கள்.

ஃபைபர் கிளாஸ் நாடாவை வாளித் தண்ணீரில் 10-15 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து எடுங்கள். ஈரத்தில் அது வளைந்து கொடுக்கும், இழைத்தூள் பறக்காது. பசால்ட்டை உலர்ந்தபடியே சுற்றலாம். இரண்டுக்குமே முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, தூசிக்கான முகக்கவசம் கட்டாயம். தோலில் பட்டு அரித்தால் தேய்க்காமல் குளிர்ந்த நீரை ஓடவிட்டுக் கழுவுங்கள்.

கைக்கு எட்டாத நடுக் குழாய்களை முதலில் முடியுங்கள். ஒவ்வொரு குழாயையும் கீழ் முனையிலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். அப்போதுதான் மேல் சுற்றின் விளிம்பு கீழ்ச் சுற்றின் மேல் படிந்து, தெறிக்கும் நீர் உள்ளே போகாமல் வழிந்துவிடும். முதல் சுற்று தன் மீதே முழுதாக ஏறட்டும்; வெட்டிய முனையை 2 சென்டிமீட்டர் உள்மடித்து டையால் இறுக்குங்கள். இல்லையென்றால் இழை பிரியத் தொடங்கும். அதன்பின் ரோலை முழுதாக அவிழ்க்காமல் கையில் பிடித்து, இழுத்தபடியே சுற்றிக்கொண்டு போங்கள். ஒருவர் குழாயைப் பிடித்துத் திருப்ப, மற்றவர் நாடாவை இழுப்பதே வசதி. வளைவில் வெளிப்புறம் ஏற்றம் குறைந்து உட்புறம் கூடும். வெளிப்புறத்தில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றுவதும் இரண்டு அடுக்காகச் சுற்றுவதும் தவறு: உள்ளே உலோகம் இன்னும் சூடாகும், வெளியே கிடைக்கும் பலன் சொற்பம்.

ஃபிளாஞ்சிலிருந்து 20-25 மில்லிமீட்டரைத் திறந்தே விடுங்கள். போல்ட்டுக்கு ஸ்பேனர் நுழைய வேண்டும். கலெக்டருக்கு முன் குழாய்கள் நெருங்கும் கடைசி 75-100 மில்லிமீட்டரில் தனித்தனியாகச் சுற்ற முடியாது. அங்கே நான்கையும் சேர்த்து ஒரே கட்டாகச் சுற்றி, கலெக்டரோடு தொடருங்கள். டையின் தலை எஞ்சின் பிளாக்கில் உரசாத பக்கம் திரும்பியிருக்கட்டும். வெட்டிய டை முனை கத்தி மாதிரி கையைக் கிழிக்கும், அதை மடக்கிவிடுங்கள்.

நாடா நன்றாகக் காய்ந்த பிறகு ஹெடரை மாட்டி, வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்குப் போல்ட்டுகளை இறுக்குங்கள். முதல் முறை சூடேறி ஆறிய பின் போல்ட்டையும் டையையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். நாடா சுருங்கிப் படியும்போது டை தளர்வது வழக்கம்.

கேள்வி: சுற்றி முடித்து ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து புகை. பயந்து அணைத்துவிட்டேன்.

பதில்: நாடாவை நெய்யும்போது சேர்க்கும் பசைப்பொருளும் மீதமிருந்த ஈரமும் வெளியேறும் புகை அது. திறந்த வெளியில், பானெட்டைத் தூக்கி வைத்து, 15-20 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, முழுதாக ஆறவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் குறையும். முதல் நீண்ட ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் வரலாம். புகையைச் சுவாசிக்க வேண்டாம், வண்டியை விட்டு நகரவும் வேண்டாம், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். வெண்புகை ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் நீலநிறமாக, எண்ணெய் கருகும் வாடையோடு வந்தால் அது நாடாவின் புகை அல்ல, எங்கோ ஆயில் சொட்டுகிறது.

கேள்வி: வால்வ் கவர் கேஸ்கெட்டில் லேசான ஆயில் கசிவு இருக்கிறது. பிறகு சரிசெய்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. திறந்த குழாயில் சொட்டிய ஆயில் கருகிப் புகைந்து போய்விடும். நாடா அதைத் திரி போல உறிஞ்சி, சூட்டை ஒட்டியே சேர்த்து வைக்கும். ஒருநாள் அது தீப்பிடிக்கும். பவர் ஸ்டீயரிங் ஆயில், பிரேக் ஆயில், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கசிவை நிறுத்துங்கள், பிறகு சுற்றுங்கள். ஏற்கெனவே ஆயிலில் நனைந்த நாடாவைக் கழுவி மீண்டும் பயன்படுத்த முடியாது. வெட்டி எறிய வேண்டியதுதான்.

கேள்வி: ஆக்சிஜன் சென்சார், கேடலிடிக் கன்வெர்ட்டர், ஃபிளெக்ஸ் குழாய் மீதும் சுற்றலாமா?

பதில்: மூன்றின் மீதும் வேண்டாம். சென்சாரைச் சுற்றி 25 மில்லிமீட்டர் திறந்திருக்கட்டும். அதன் வயர் மேலே போகும் ரப்பர் பகுதி குழாயின் சூட்டைத் தாங்காது. கன்வெர்ட்டர் (புகையின் நச்சை வேதிவினையால் குறைக்கும் பாகம்) ஏறக்குறைய 250-300 டிகிரியில் வேலை தொடங்குகிறது, அதனால் அதற்கு முந்தைய ஹெடரில் நாடா இருந்தால் குளிர் ஸ்டார்ட்டில் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். இது நல்லதுதான். ஆனால் கன்வெர்ட்டருக்குள்ளேயே வினை நடந்து சூடு பிறக்கிறது. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் உள்ளே போனால் அந்தச் சூடு கட்டுமீறும். வெளியேற வழியும் இல்லையென்றால் உள்ளேயிருக்கும் தேன்கூட்டு அமைப்பு உருகி அடைத்துக்கொள்ளும். கம்பெனி பொருத்திய தகடு மறைப்பையும் கழற்றாதீர்கள். ஃபிளெக்ஸ் குழாய் அசைவதற்காகவே இருக்கிறது, கட்டினால் உடையும்.

கேள்வி: ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் சூடாகி, வண்டி நின்ற உடன் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. இதற்காக ஹெடர் முழுவதையும் சுற்ற வேண்டுமா? செராமிக் பூச்சு மேலா?

பதில்: ஒரே ஒரு பாகம்தான் பாதிக்கப்படுகிறது என்றால் அந்தப் பாகத்தை மறையுங்கள். ஸ்டார்ட்டருக்கும் குழாய்க்கும் நடுவே 0.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகடு ஒன்றை, இரண்டு பக்கமும் குறைந்தது 10 மில்லிமீட்டர் காற்று ஓட இடம் விட்டுப் பொருத்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தகடு எதையும் தொடக் கூடாது. தொட்டால் சூட்டை அதுவே கடத்திவிடும். ஹோஸுக்கும் வயருக்கும் மேலே நுழைக்கும் வெப்ப உறைகள் தனியாகக் கிடைக்கின்றன. இந்த வழிகளில் ஹெடருக்கு எந்தக் கேடும் இல்லை என்பதால் முதலில் இவற்றைத்தான் சொல்வோம். அதற்கு முன் பேட்டரி முனைகளையும் எர்த் வயரையும் சோதித்துவிடுங்கள். சூட்டின் மேல் பழி போடப்படும் ஸ்டார்ட்டர்களில் சிலவற்றுக்கு வயரில்தான் குறை.

செராமிக் பூச்சை உள்ளும் புறமும் அடித்தால் ஈரம் பிடிக்காது, துரு வராது, ஆயில் பட்டாலும் துடைத்துவிடலாம். சூட்டை அடக்குவதில் நல்ல நாடா அதைவிட மேல். செலவு கூடுதல் என்றாலும் தினமும் ஓட்டும் மைல்ட் ஸ்டீல் ஹெடருக்குப் பூச்சைத்தான் பரிந்துரைப்போம்.

கேள்வி: சுற்றிய நாடா இப்போது தொட்டாலே பொடியாக உதிர்கிறது. அதன் மேலேயே புதிது சுற்றலாமா?

பதில்: கூடாது. சூடும் அதிர்வும் சேர்ந்து இழையை நொறுங்க வைத்துவிட்டன. அதன் மேல் சுற்றினால் பிடிப்பு இருக்காது. பழைய காரை வாங்கியபோதே இருந்த, என்ன வகை என்று தெரியாத நாடா என்றால் கை வைக்காமல் ஆஸ்பெஸ்டாஸ் சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் சுற்றிய ஃபைபர் கிளாஸ் என்றால், எஞ்சின் முழுதாக ஆறியதும் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் கையுறையோடு டைகளை வெட்டி, நாடாவை நீளவாக்கில் கீறி எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஏர் அடித்து ஊதுவதும், காய்ந்தபடி பெருக்குவதும் தூளைச் சுற்றிலும் பரப்பும்.

பிறகு குழாயைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்கும் இடத்தில், செதில் தகடாக உரியும் இடத்தில், ஸ்க்ரூடிரைவர் முனை அழுந்தும் இடத்தில் சுவர் மெலிந்திருக்கிறது. அந்த ஹெடருக்கு மறுபடி நாடா வாங்கிச் செலவழிக்க வேண்டாம், ஹெடரையே மாற்றுங்கள். குழாய் நன்றாக இருந்தால் பிரஷ் போட்டு, பெயின்ட் அடித்து, புது நாடா சுற்றலாம். மைல்ட் ஸ்டீலில் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு முனையை அவிழ்த்து இப்படிப் பார்த்துவிட வேண்டும்.